எடுத்ததும் எழுதுகிற பேனா

ஒரு பேனா எழுதாமல் போனதால் இரண்டு பேர் செத்துப்போனார்கள் என்று சொன்னால் சிரிப்பு வரும். சிரித்துவிடாதீர்கள். செத்த இரண்டு பேரில் ஒருவன் எடைக்காரியின் புருஷன்.

சரக்கு லாரிகள் வந்து நிற்கிற பெரிய வளாகம் அது. உள்ளே இரண்டு கொட்டகைகள். மேல் கொட்டகை ஆட்கள் தலையில் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள், கீழ்க் கொட்டகை ஆட்கள் நீலத் துணி. எந்த லாரியில் யார் மூட்டை இறக்குவது என்பதுதான் தகராறு. முதலில் வாயால் திட்டிக்கொண்டார்கள். பிறகு கையால் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் இரும்புக்கு வேலை வந்துவிட்டது. ஏழு வருஷத்தில் ஒன்பது பிணம். போலீஸ் வரும், அளக்கும், படம் எடுக்கும், போகும். கண்ணால் பார்த்தேன் என்று வாய் திறக்க ஒரு ஆள் கிடையாது.

இரண்டு கொட்டகைக்கும் நடுவில் லாரிகளை எடை போடுகிற இரும்பு மேடை இருந்தது. அங்கே உட்கார்ந்து எடைச்சீட்டு எழுதுகிறவள்தான் எடைக்காரி. யாருடைய லாரியாக இருந்தாலும் அவள் மேடையில் ஏறித்தான் இறங்கவேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை சமாதானம் பேசினார்கள். மேல் கொட்டகைத் தலைவர் அவளுடைய புருஷனின் அண்ணன். குரலுக்காக அவருக்கு ‘இடி’ என்று பெயர். கீழ்க் கொட்டகைத் தலைவருக்கு அன்றைக்குப் பத்து விரலும் இருந்தன. மேஜைமேல் ஒப்பந்தத் தாள். கூடவே யாரோ இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன ஒரு பால்பாயின்ட் பேனா. கீழ்க் கொட்டகைத் தலைவர் எழுதிப் பார்த்தார். வரவில்லை. உதறினார், ஊதினார், கிறுக்கினார். தாள் கிழிந்தது. இடி தன் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

“நீ வாயில வெச்சுக் கடிச்ச பேனாவை நான் தொடணுமா?” என்றார் அவர்.

“தொடாட்டி போ. உனக்கு எழுதத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்” என்றார் இடி.

அவ்வளவுதான். மேஜை கவிழ்ந்தது. கால்மணி நேரத்தில் கீழ்க் கொட்டகையில் ஒருவன் விழுந்தான், எடைக்காரியின் புருஷன் விழுந்தான். லாரி டிரைவரான அவளுடைய தம்பி அன்று சாயங்காலமே, மச்சானின் ரத்தம் காய்வதற்குள், கீழ்க் கொட்டகைத் தலைவரின் வலது கையில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வெட்டி எடுத்தான். அன்றிலிருந்து அந்தத் தலைவருக்கு மேல் கொட்டகையில் ‘மூணு விரல்’ என்று பெயர். தம்பிக்குக் கீழ்க் கொட்டகையில் பெயரே இல்லை, சாவுக்கு நாள் மட்டும்தான் குறிக்கவேண்டியிருந்தது. மூன்று வருஷமாக அவன் ஒரே ஊரில் இரண்டு ராத்திரி தூங்கினதில்லை.

இப்போது மறுபடியும் சமாதானம். ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தால் தம்பிமேல் கைவைக்க மாட்டோம் என்று மூணு விரல் ஒப்புக்கொண்டுவிட்டார். விழாவிட்டால் பழைய கதைதான். நடுவில் நின்று பேசுகிறவர் வியாபாரிகள் சங்கத்துத் தலைவரம்மா. கயிறும் சாக்கும் விற்றே மூன்று மாடி கட்டினவர்.

“இந்தத் தடவை ஓசிப் பேனா கிடையாது” என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். “ரெண்டு பக்கமும் பாதிப்பாதி போட்டு நல்ல பேனாவா வாங்குங்க. ரெண்டு பக்கத்துலேர்ந்தும் ஒவ்வொரு ஆள் போய்ச் சேர்ந்து பார்த்து எடுக்கணும். கையெழுத்துப் போட்டதும் எனக்கே பரிசாக் கொடுத்துருங்க, நான் பத்திரத்தோட வெச்சுப் பூட்டிருவேன். மூணு மணிக்கு அந்தப் பேனா எழுதலைன்னா, நடுவுல நான் இருக்க மாட்டேன். என் செருப்பு மட்டும்தான் இருக்கும், ஓடின வேகத்துல.”

நாளெல்லாம் பேனா பிடிக்கிறவள் என்று மேல் கொட்டகையிலிருந்து எடைக்காரியை அனுப்பினார்கள். கீழ்க் கொட்டகையிலிருந்து வந்தவன் நெட்டை.

நெட்டையை அவளுக்குத் தெரியும். அவள் புருஷனைக் கொன்ற நான்கு பேரில் ஒருவன்.

பஸ்ஸில் ஒரு இடம்தான் இருந்தது. அவன் அவளுக்கு விட்டுக்கொடுத்தான். அவள் உட்காரவில்லை. அவனும் உட்காரவில்லை. அந்த இடம் காலியாகவே கடைத்தெரு வரைக்கும் வந்தது.

பேனாக்கடை கண்ணாடிக் கதவு போட்ட கடை. செருப்புச் சத்தத்தை விழுங்குகிற கம்பளம். பெட்டிகளுக்குள் அடியிலிருந்து விளக்கு எரிய, பேனாக்கள் நகைபோல வரிசையாகப் படுத்திருந்தன. கடைக்காரர் வழுக்கைத்தலை, கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது.

“வாங்க சார், வாங்கம்மா. கல்யாண நாளா?”

நெட்டைக்கு இருமல் வந்துவிட்டது.

“எங்களைப் பார்த்தா புருஷன் பொண்டாட்டி மாதிரியா தெரியுது?” என்றாள் எடைக்காரி.

“மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே வந்தீங்க, அதான் கேட்டேன். சரி, யாருக்குப் பேனா?”

“எழுதப்போறது ரெண்டு பேர். எழுதி முடிச்சதும் மூணாவதா ஒருத்தருக்குப் பரிசு.”

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். “அப்போ பரிசைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். எழுதப்போற ரெண்டு கையைப் பத்திச் சொல்லுங்க. எந்தப் பேனாவும் கடையில நல்லாத்தான் எழுதும்மா. கைக்குப் போனாத்தான் குணம் தெரியும்.”

“ஒருத்தர் அழுத்துவார். அவர் கையெழுத்துப் போட்டா அடியில இருக்கிற மூணு தாளிலயும் பள்ளம் விழும்.”

“எங்க அண்ணன் இடது கைங்க” என்றான் நெட்டை. “வலது கையில ரெண்டு விரல் இல்ல.”

“பிறவியிலேயா?”

“இல்ல. இவங்க தம்பி செஞ்சது.”

சட்டை தைத்த தையல்காரரைச் சொல்வதுபோல அவன் சொன்னான். கடைக்காரர் கெக்கெக்கென்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பைப் பாதியிலே முழுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

முதலில் ஒரு சிவப்புப் பேனா வந்தது. “இது வேண்டாம்” என்றான் நெட்டை. அடுத்து ஒரு நீலம். “இதுவும் வேண்டாம்” என்றாள் அவள். மை என்ன நிறம் என்று கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே வாயாகக் “கறுப்பு” என்றார்கள். அன்றைக்கு முதல்முறையாக ஒத்துப்போனது அங்கேதான்.

பிறகு தங்க நிப் போட்ட ஒரு பேனா வந்தது. கடையிலேயே விலை கூடியது. மையில் தோய்த்துத் தன் பெயரை எழுதிப் பார்த்தாள் எடைக்காரி. எண்ணெய் தடவினதுபோல வழுக்கிக்கொண்டு ஓடியது. எடைச்சீட்டில் தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன அவள் விரலுக்கு அது கூச்சமாகக்கூட இருந்தது.

“நல்லாத்தான் இருக்கும்” என்றார் கடைக்காரர். “ஆனா தங்கம் இளகின மனசு. அழுத்துறவர் கையில போனா வாயைப் பிளந்துரும். அதோட இடது கைக்காரங்க பேனாவை இழுக்க மாட்டாங்க, தள்ளுவாங்க. தள்ளினா தாள்ல குத்தும். அந்த ரெண்டு கைக்கும் சேர்த்துன்னா நுனி உருண்டையா, விறைப்பா இருக்கிற எஃகு நிப்தான் சரி.”

“அதெல்லாம் முடியாதுங்க” என்றான் நெட்டை. “இரும்புல கையெழுத்துப் போட்டோம்னு வெளிய சொன்னா மானம் போயிரும். தங்கம்னாத்தான் மதிப்பு.”

“மதிப்பை வெச்சு என்ன பண்றது?” என்றாள் அவள். “எடுத்ததும் எழுதணும். எனக்கு அது ஒண்ணுதான் வேணும்.”

“எழுதுதான்னு நானே பார்க்கிறேன், கொடுங்க. எங்க அண்ணன் எப்படிப் போடுவாருன்னு எனக்குத்தான் தெரியும்.”

அவன் பேனாவை வாங்கிக்கொண்டு, அத்தனை உயரத்தையும் மடித்துக் கண்ணாடிப் பெட்டிமேல் குனிந்தான். இடது கையால் தட்டுத்தடுமாறித் தலைவரின் கையெழுத்தைப் போட்டான். தாள் நகராமல் இருக்க வலது உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டான். அந்தக் கை அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பெரிய கை. மூட்டைக் கொக்கி பிடித்துப் பிடித்து விரல் முட்டெல்லாம் கொம்புபோல இறுகியிருந்தது. புருஷனின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டது நெட்டை என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

“தள்ளினா குத்தத்தான் செய்யுது” என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் பேனாவை அவளிடம் நீட்டினான். “வேணும்னா நீங்க இன்னொரு தடவை பாருங்க.”

அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கினபோதுதான், மூன்று வருஷமாகக் கேட்க ஆள் கிடைக்காத கேள்வி வாயில் வந்துவிட்டது.

“அவர் கடைசியா என்ன சொன்னார்?”

நெட்டை நிமிரவில்லை. கடைக்காரர் எதிரிலே இருக்கிறாரே என்றும் பார்க்கவில்லை.

“பத்திரத்தைப் படிக்கிறதுக்குக் கண்ணாடி போட்டிருந்தாரு. ‘இருங்கடா, கண்ணாடியைக் கழட்டிக்கிறேன்’னாரு.”

“கழட்ட விட்டீங்களா?”

“இல்ல” என்றான்.

அவள் கை உயர்ந்ததை அவளே பார்க்கவில்லை. பேனா இறங்கினது மட்டும் தெரிந்தது. அவனுடைய வலது புறங்கையில், நடுவிரலுக்குக் கீழே, நிப் தோலைக் கிழித்து இறங்கி எலும்பில் தட்டி நின்றது. அவள் முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து ஒரு திருகு திருகினாள். கறுப்பு மையும் ரத்தமும் கலந்து பீறிட்டு அவள் சேலைக்குமேல் போட்டிருந்த வேலைக் கோட்டின் முன்பக்கமெல்லாம் தெறித்தது.

நெட்டை கத்தவில்லை. பாரமூட்டையை இறக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு மூச்சு மட்டும் வந்தது. இடது கை முஷ்டியாகிப் பின்னால் போனது. அது விழுந்திருந்தால் அவள் தாடை இருந்த இடம் தெரியாது. அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அடிக்கட்டும் என்றுதான் நின்றாள். முஷ்டி காற்றில் அப்படியே நின்றது, பிறகு மெல்ல இறங்கியது.

கடைக்காரர் அலமாரியோடு ஒட்டிக்கொண்டார். “ஐயோ! போலீஸைக் கூப்பிடவா?”

“வேண்டாம்” என்றார்கள் இருவரும்.

நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவைத் தானே பிடுங்கினான். நிப்பைத் திருப்பிப் பார்த்தான். தங்கம் இரண்டாகப் பிளந்து, ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே வளைந்துகிடந்தது.

“நீங்க சொன்னது சரிதாங்க. தங்கம் தாங்கல” என்றான் கடைக்காரரிடம். “அந்த எஃகு நிப்பையே காட்டுங்க.”

குத்தினால் நெஞ்சு ஆறும் என்று மூன்று வருஷமாக நினைத்திருந்தாள். ஆறவில்லை. அதற்கப்புறம்தான் தம்பியின் முகம் ஞாபகம் வந்தது. சமாதான நாளில் எதிராளியைக் குத்திவிட்டாள். இவன் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“அங்கே போய்ச் சொல்லப்போறியா?” என்று கேட்டாள்.

“என்னன்னு சொல்றது? பேனா வாங்கப் போன இடத்துல பொம்பளைகிட்டக் குத்து வாங்கினேன்னா? அப்புறம் கொட்டகையில எவன் என்னை மதிப்பான்?” பையிலிருந்து நீலத் தலைத்துணியை எடுத்துக் கையைச் சுற்றினான். பல்லால் முடிச்சை இழுத்தான். “லாரிக் கதவுல நசுங்கிருச்சுன்னு சொல்லிக்கிறேன். நீங்க பேனாவைப் பாருங்க. மணி ஆகுது.”

எஃகு நிப் பேனா வந்தது. கரும்பழுப்பு நிறம். இடது முஷ்டிக்குள் அடங்குகிற பருமன். கடைக்காரர் மை உறிஞ்சவைத்து அவளிடம் நீட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார். அவள் இடியைப்போல அழுத்தி எழுதினாள். அடியிலிருந்த தாளில் பள்ளம் விழுந்தது, நிப் விரியவில்லை. நெட்டை இடது கையால் தள்ளி எழுதினான். குத்தவில்லை. மூடினாள், திறந்தாள், எழுதினாள். மறுபடி மூடினாள், திறந்தாள், எழுதினாள். திறந்தபடியே ஐந்து நிமிஷம் வைத்துவிட்டு எழுதினாள். தொட்ட இடத்திலேயே மை வந்தது. இருபது தடவை பார்த்தாள், இருபது தடவையும் வந்தது.

“இதுதான்” என்றாள்.

“ஒரே ஒரு விஷயம்மா” என்றார் கடைக்காரர், தூரத்திலிருந்தே. “பெட்டியில படுக்கவெச்சுக் கொண்டுபோகாதீங்க. பஸ் குலுக்கல்ல மை மூடிக்குள்ள வழிஞ்சு, எடுத்ததும் ஒரு சொட்டு பொத்துன்னு விழும். நிப் மேல் பார்த்த மாதிரி, சட்டைக்குள்ள, நெஞ்சோட நிமிர்த்தி வெச்சுக்கங்க.”

வளைந்த பேனாவுக்கு என்ன தருவது என்று நெட்டை கேட்டான். “நீங்க போனாப் போதும் சார்” என்றார் அவர்.

பேனாவைப் பாதி வழி அவள், பாதி வழி அவன் கொண்டுபோவது என்று பேச்சு. பஸ்ஸில் அவள் கோட்டுக்குள் பேனா நின்றது. வளாகத்து நிறுத்தத்தில் இறங்கினதும் அவன் வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். வெறும் பெட்டி அவள் கையில்.

மணி மூன்றாகப் பத்து நிமிஷம். எடை மேடைமேல் மேஜை போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம், நடுவில் தலைவரம்மா. யாரிடமும் இரும்பு கிடையாது என்று இரண்டு பக்கமும் பிள்ளைகுட்டிமேல் சத்தியம் செய்திருந்தார்கள்.

தம்பியை மட்டும் மதிலுக்கு வெளியே அவன் லாரியிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். கையெழுத்து ஆனபிறகுதான் அவன் உள்ளே வரலாம். உட்கார்ந்திருந்தவன் கண்ணில் என்ன பட்டது என்று நினைத்துப்பாருங்கள். அக்கா வருகிறாள். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை, கோட்டு முழுக்க ரத்தம். அவளுக்கு ஒரு அடி பின்னால், கையில் ரத்தத்துணியோடு மச்சானைக் கொன்றவன் வருகிறான்.

வாசலில் நீலத் தலைத்துணிக்காரன் ஒருவன், “என்னண்ணே, பேனா கிடைச்சுதா?” என்றான்.

“கிடைச்சுது” என்று நெட்டை சட்டைக்குள் கையை விட்டான். நீளமாக, இருட்டாக ஒன்று வெளியே வந்தது. அந்த வளாகத்தில் ஏழு வருஷமாகச் சட்டைக்குள்ளிருந்து வந்தது எதுவும் பேனாவாக இருந்ததில்லை.

தம்பி லாரிப் படியிலிருந்து குதித்தான். கையில் ஜாக்கிக் கம்பி.

முதல் அடி நெட்டையின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மேடைவரைக்கும் கேட்டது. இரண்டாவது அடியில் காதோரம் கிழிந்து தொங்கியது. நெட்டை முழங்கால் மடங்கி விழுந்தான். விழுந்தவன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. பேனாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதன்மேல் சுருண்டான். மூன்றாவது அடி முதுகில் விழுந்தது.

“டேய்! பேனாடா! பேனாடா அது!” எடைக்காரி பின்னாலிருந்து தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். “கம்பியைப் போடுடா பாவி!”

“உன்னைக் குத்திட்டானா அக்கா? எங்க குத்தினான்?”

“அது என் ரத்தம் இல்லடா! நான்தான் அவனைக் குத்தினேன்!”

அதற்குள் சத்தியம் செய்த அத்தனை பேர் இடுப்பிலிருந்தும் இரும்பு வந்துவிட்டது. அரிவாள், சங்கிலி, மூட்டைக் கொக்கி. தலைவரம்மா மேஜையைவிட்டு எழுந்தார். சொன்னபடி ஓடவில்லை. முழங்கால் ஓடவிடவில்லை.

“எவனும் நகரக்கூடாது!” என்று இடி முழங்கினார். தம்பியைச் சுற்றிச் சிவப்பு வளையம் நின்றது. நீலம் அதைச் சுற்றி நின்றது. மூணு விரல் மெல்ல நடந்துவந்தார். கீழே கிடந்த நெட்டையைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

“என்ன நடந்துச்சு?”

அவள் மறைக்கவில்லை. கண்ணாடியைப் பற்றிக் கேட்டதையும், குத்தினதையும், நெட்டை திருப்பி அடிக்காததையும் சொன்னாள். “என் கோட்டுல ரத்தத்தைப் பார்த்து இவன் தப்பா நெனச்சுட்டான். தப்பு என்னோடது. என்னை என்ன வேணும்னாலும் பண்ணுங்க.”

“அது எனக்கும் அவங்களுக்கும்ணே” என்று தரையிலிருந்து நெட்டை சொன்னான். வாயில் ரத்தம் கொப்பளித்தது. “அதுக்கு நீங்க வராதீங்க. மொதப் பேனா சரியில்ல. இது நல்ல பேனா.”

மூணு விரல் தலையாட்டினார். “சரி. அதுக்கு நான் வரல. ஆனா இவன் என் ஆளை அடிச்சிருக்கான், சமாதான வாசல்ல. இதை விட்டா நாளைக்கு எனக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்க மாட்டான்.” அவள் பக்கம் திரும்பினார். “நம்ம ரெண்டு கொட்டகைக்கும் பொதுவா ஒரு பழைய பேச்சு உண்டு, உனக்கே தெரியும். தப்புப் பண்ணவன்மேல அவன் வீட்டாளே கை வெச்சுட்டா, வெளியாள் வைக்கக்கூடாது. நீயே செய். மணிக்கட்டு போதும். நாங்க செஞ்சா மணிக்கட்டோட நிக்காது.”

“அவளை எதுக்குய்யா இழுக்கிறே? நான் செய்யறேன்” என்றார் இடி.

“அத்தான், நீங்க சும்மா இருங்க” என்றாள் அவள். “நீங்க செஞ்சா கோபத்துல செய்வீங்க.”

தம்பியின் கையிலிருந்து கம்பியை வாங்கினாள். அவன் கொடுத்தான். அக்கா கேட்டு அவன் எதையும் கொடுக்காமல் இருந்ததில்லை.

“அக்கா, நீ அடிக்க மாட்டே” என்றான்.

“கையை வை.”

“நான் டிரைவர்க்கா.”

“தெரியும். வை.”

அவன் எடை மேடைவரைக்கும் நடந்துபோய், அதன் இரும்பு விளிம்பில் வலது கையை வைத்தான். அவள் அவன் சட்டைக் கையை முழங்கைவரைக்கும் மடித்துவிட்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. சட்டை கிழிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

“அந்தப் பக்கம் பாரு.”

“மாட்டேன். உன்னைத்தான் பார்ப்பேன்.”

அவள் அடித்தாள். கை கடைசி நேரத்தில் இரக்கப்பட்டுவிட்டது. தோல் கிழிந்தது, எலும்பு நின்றது. தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு அலறலை உள்ளே இழுத்தான்.

“இது அடியா?” என்றது நீலக் கும்பலில் ஒரு குரல்.

பாதி அடி அடிப்பதும் அவனைக் கொல்வதும் ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்தது. காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். இரண்டு கையாலும் கம்பியைத் தலைக்குமேல் தூக்கினாள். இந்தத் தடவை அவள் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அடி விழுந்த வேகத்தில் எடைப்பலகையில் எண்கள் எகிறிக் குதித்துத் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தன. தம்பியின் கை மணிக்கட்டருகே, மூட்டே இல்லாத ஒரு இடத்தில் மடங்கியிருந்தது. அவன் அலறினான். அந்த அலறலில் லாரிகளுக்கு மேலே உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் எழும்பின.

மூணு விரல் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். இரும்பு ஒவ்வொன்றாக இடுப்புக்குள் போனது.

நெட்டையைத் தூக்க ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது. அவன் பேனாவை விடவில்லை. “கையெழுத்து விழட்டும், அப்புறம் போறேன்” என்றான். கடைசியில் மூணு விரலே குனிந்து, விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். பேனாவெல்லாம் ரத்தம். தலைவரம்மா தன் கைக்குட்டையால் துடைத்து மூடியைத் திறந்து மேஜையில் வைத்தார். இடி அழுத்திப் போட்டார். மூணு விரல் இடது முஷ்டியால் தள்ளிப் போட்டார். அவர் தொட்ட பேனாவை இவரா, இவர் தொட்ட பேனாவை அவரா என்று யாரும் வாயெடுக்கவில்லை.

“யாரும் தொடாதீங்க, காயட்டும்” என்றார் தலைவரம்மா. பேச்சுப்படி அவருக்குப் பரிசு அல்லவா? எடைக்காரி பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் அவர் எதிரில் வைத்தாள். அவர் பேனாவை அதில் வைக்கும்போது, “ரொம்ப நல்ல பேனாம்மா” என்றார். அழுதுகொண்டே சொன்னார்.

எடைக்காரி தாளைப் பார்க்கவில்லை. தம்பி மேடைக்குக் கீழே, அங்கே நின்ற ஒரு லாரியின் சக்கரத்தில் சாய்ந்து, கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீலத் தலைத்துணிக்காரர்கள் அவனைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவனும் நிற்கவில்லை. அடுத்த வண்டி வரக் கால்மணி ஆகும் என்றார்கள்.

அவள் எடை அறையிலிருந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் பக்கத்தில் குந்தினாள். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் செம்பை எடுத்துவிடவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து அவன் திரும்பினான். கண்ணைப் பார்க்காமல் வாயை மட்டும் கொடுத்தான். முழுதும் குடித்தான்.

“இன்னும்” என்றான்.

அவள் எழுந்து ஓடினாள்.